ஐந்து நாளில் புதிதாகும் குடலில் புண் ஆற ஏன் மாதக்கணக்கு ஆகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குடலின் உட்படலம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிவிடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். உங்கள் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணோடு கூடிய நாள்பட்ட அழற்சி. இரண்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டும் முழுமையாக ஆறவில்லை. "அப்படியானால் அவளுடைய ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோய்விட்டனவா? ஊசி மூலம் செலுத்தினால் சரியாகுமா? பட்டினி இருந்தால் அவை விழித்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?" என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்: இந்த நோய், புதுப்பிக்கும் சக்தி குறைந்துபோனதால் வருவதா? நான் நோய்க்குறியியல் மருத்துவர். குடலிலிருந்து எடுத்த பயாப்ஸித் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. திசு எப்படி உடைகிறது, எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று சொல்ல முடியும். உங்கள் தங்கைக்கு எந்த மருந்து, எந்த அளவில் என்பதை அவரை நேரில் பார்க்கும் குடல்நோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் தலையிடவில்லை.

நேரான விடை: ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து பிரிந்து புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் மூலச் செல்கள், தீரவில்லை. அழற்சி மும்முரமாக இருக்கும் குடலில் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகவே பிரிந்துகொண்டிருக்கும். உற்பத்தி நடக்கிறது, உற்பத்தியானதை உடனுக்குடன் அழிக்கும் தாக்குதல் நிற்கவில்லை. அதோடு, புண் ஆழமாக விழுந்த இடங்களில் உற்பத்தி நடக்கும் இடமே இல்லாமல் போயிருக்கும். ஐந்து நாள் கணக்கு நல்ல நிலையில் உள்ள படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைப் பற்றியது. புண் ஆறுவது வேறு வேலை. இரண்டையும் செய்வது ஒரே குடும்பத்துச் செல்கள் என்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் அன்றாடப் புதுப்பிப்பைப் பார்ப்போம். குடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்குச் செல்கள். உணவும் செரிமான நொதிகளும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஒரு பக்கம். இரத்தமும் நோயெதிர்ப்புச் செல்களும் மறுபக்கம். நடுவில் இந்த ஒற்றை அடுக்கும் அதன் மேல் படிந்த கோழையும்தான். சிறுகுடலில் இந்த அடுக்கு விரல் விரலாக மேலெழுந்து குடலுறிஞ்சிகளாக நிற்கிறது. அவற்றின் அடிவாரத்தில் குழி குழியாக உள்ளே இறங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லீபர்கூனின் பெயரால் இவற்றை லீபர்கூன் குழிகள் என்கிறோம். பெருங்குடலில் உறிஞ்சிகள் இல்லை, குழிகள் மட்டும் உண்டு. செல்கள் பிறப்பது குழியின் அடிப்பகுதியில். பிறந்தவை மேல்நோக்கி நகர்ந்து, போகும் வழியிலேயே முதிர்ந்து, உறிஞ்சியின் நுனியை எட்டியதும் உதிர்ந்துவிடுகின்றன. எலிகளில் இந்தப் பயணத்துக்கு 3 முதல் 5 நாள். மனிதர்களிலும் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நகம் அடியிலிருந்து வளர்ந்து நுனியில் தேய்வதைப் போன்றதுதான். நுனி எவ்வளவு உடைந்தாலும் மீண்டும் வரும். நகத்தின் வேர் நசுங்கினால் கதை வேறு.

இது ஊகமாக இருந்த காலம் போய் எண்ணிக்கையோடு நிறுவப்பட்டது 1948இல். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெப்லாண்டும் அவருடைய சகா ஸ்டீவன்ஸும் வெள்ளை எலிகளின் குடலில் பிரியும் செல்களை எண்ணி, இந்தப் படலம் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்கு: மனித உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன என்று 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பங்கு இரத்தச் செல்கள். அடுத்த இடம், ஏறத்தாழ 12 சதவீதம், குடல் படலத்துக்கு. குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். 2014இல் அதைத் திருத்தமாக அளந்தபோது சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. மைதானம் இல்லை, ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு. ஆனாலும் அவ்வளவு பரப்பை வாரந்தோறும் மாற்றுவது சாதாரணமா?

இந்த வேலையைச் செய்யும் செல் எது என்பதைத் தேடிப்போன கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1974இல் ஹேசல் செங்கும் அதே லெப்லாண்டும் குழியின் அடியில், நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருட்களைச் சுரக்கும் பனெத் செல்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒல்லியான செல்களைக் கவனித்தார்கள். எலிகளுக்குக் கதிரியக்கத் தைமிடின் (டிஎன்ஏவின் ஒரு கட்டுமானப் பொருள்) கொடுத்ததும் அவற்றில் சில இறந்தன. பக்கத்தில் இருந்த அதே வகைச் செல்கள் அந்த மிச்சங்களை விழுங்கின. விழுங்கிய கதிரியக்கத் துணுக்கே அடையாளக்குறியாகிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் அந்தக் குறி உறிஞ்சும் செல், கோழை சுரக்கும் கோப்பைச் செல், ஹார்மோன் சுரக்கும் செல், பனெத் செல் ஆகிய நான்கிலும் தென்பட்டது. நான்கும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அதை மறுக்க முடியாதபடி நிரூபிக்க இன்னும் 33 ஆண்டுகள் ஆயின. 2007இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் நிக் பார்க்கரும் மற்றவர்களும், எல்ஜிஆர்5 என்ற மரபணு வேலை செய்யும் செல்களுக்கு மட்டும் அழியாத நீல நிறக்குறி இட்டார்கள். அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் குழியின் அடியிலிருந்து உறிஞ்சியின் நுனி வரை நீல நாடாவாக நீண்டன. 60 நாள் கழித்துப் பார்த்தபோதும் அந்த நாடா அறுபடவில்லை. 2009இல் அதே ஆய்வகத்தில் டோஷிரோ சாட்டோ ஒற்றை எல்ஜிஆர்5 செல்லை எடுத்து, சரியான வளர்ச்சிக் காரணிகளோடு ஜெல்லில் வைத்தார். குழிகளும் உறிஞ்சும் செல்களும் கொண்ட ஒரு குட்டிக் குடலே வளர்ந்தது. ஆர்கனாய்டு என்று இன்று எல்லோரும் பேசுவது இந்த வழியில் வந்ததுதான்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி வருபவற்றில் சில இன்னும் வாதத்தில் இருக்கின்றன.

எலியின் ஒரு சிறுகுடல் குழியில் இத்தகைய செல்கள் பதினைந்து வாக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை பிரியும். குழியின் அடியில் இடம் குறைவு. அங்கே பனெத் செல்களும், படலத்துக்குக் கீழே உள்ள இணைப்புத் திசுச் செல்களும் விண்ட் என்ற சமிக்ஞையைச் சுரக்கின்றன. அது கிடைக்கும் வரை ஒரு செல் ஸ்டெம் செல்லாக நீடிக்கும். நெரிசலில் மேலே தள்ளப்பட்டால் சமிக்ஞை குறையும். சில நாட்களில் முதிர்ந்து உதிர வேண்டியதுதான். யார் தங்குவது, யார் தள்ளப்படுவது என்பது பெரும்பாலும் தற்செயல். 2010இல் வெவ்வேறு நிறக்குறியிட்ட எலிகளில் பார்த்தபோது, ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஒரு குழியில் இருக்கும் எல்லாச் செல்களும் ஒரே மூதாதையின் வாரிசுகளாகிவிடுவது தெரிந்தது. மனிதர்களிலும் இதே போட்டி உண்டு. ஆனால் மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

அப்படியானால் அந்தப் பதினைந்தும் செத்துவிட்டால் குழி அழிந்துவிடுமா? 2011இல் எலிகளில் எல்ஜிஆர்5 செல்களை மட்டும் நச்சு கொடுத்துக் கொன்று பார்த்தார்கள். குடல் அசரவில்லை. சற்று மேலே முதிர்ந்துகொண்டிருந்த செல்கள் பின்வாங்கி, அடிக்கு இறங்கி, மீண்டும் ஸ்டெம் செல்களாகின. முதலில் இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புப் படை உறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் கோழைச் செல்லாகப் போகவிருந்தவை, உறிஞ்சும் செல்லாகப் போகவிருந்தவை, பனெத் செல்கள் எனப் பலவும் தேவைப்பட்டால் திரும்பி வரக்கூடியவை என்று தெரிந்தது. 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் ஒரு படி போய், உண்மையான மூலம் குழியின் அடியில் இல்லை, கழுத்துப் பகுதியில் இருக்கிறது என்று வாதிட்டன. துறையில் எல்லோரும் அதை ஏற்கவில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், குடலில் ஸ்டெம் செல் என்பது பிறப்பால் வருவதைவிட இருக்கும் இடத்தால் வரும் தகுதியாகவே தோன்றுகிறது. உங்கள் கேள்விக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் ஒன்று: குழி என்ற அமைப்பும் அதன் அடித்தளமும் பிழைத்திருந்தால், ஸ்டெம் செல் பஞ்சம் எளிதில் வராது. ஆள் தட்டுப்பாடு இல்லாத இடம் அது.

இப்போது புண்ணுக்கு வருவோம். மேற்பரப்பில் சில செல்கள் மட்டும் உதிர்ந்து சிராய்ப்பு ஏற்பட்டால், பக்கத்துச் செல்கள் தட்டையாகி, கால் நீட்டி நகர்ந்து அந்த இடைவெளியை மூடிவிடும். இது நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் நடக்கிறது. இதற்குச் செல் பிரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. நமக்குத் தெரியாமலே இது தினமும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. சேதம் கொஞ்சம் ஆழமாகி, குழியின் மேற்பாதி போய் அடிப்பாதி எஞ்சியிருந்தால், சில நாட்களில் அது மீண்டு எழும். 1970இல் விதர்ஸ், எல்கைண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எலிக்குக் கடும் கதிர்வீச்சு கொடுத்து, மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு எத்தனை குழிகள் மீண்டு எழுந்தன என்று எண்ணும் முறையை வகுத்தார்கள். ஒரு குழியில் ஒரே ஒரு தகுந்த செல் பிழைத்திருந்தாலும் முழுக் குழியும் திரும்பிவிடும் என்பது அந்த முறைக்கு அடிப்படை. அரைநூற்றாண்டு கடந்தும் அந்த முறை ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது.

உண்மையான புண் இதையெல்லாம் தாண்டியது. சீதச்சவ்வும் (செல்லடுக்கும் அதைத் தாங்கும் மெல்லிய திசுவும்) அதன் அடியில் உள்ள மெல்லிய தசைப்பட்டையும் அறுந்து, அதற்கும் கீழே குழிப்பதைத்தான் நாங்கள் புண் என்று எழுதுகிறோம். அங்கே குழிகளே கிடையாது. அழுகிய திசு, சீழ்ச்செல்கள், புதிதாக முளைக்கும் இரத்த நாளங்கள் ஆகியவைதான் நுண்ணோக்கியில் தெரியும். இதை மூட விளிம்பில் பிழைத்த குழிகளிலிருந்து ஒரு தட்டைப் படலம் ஊர்ந்து வர வேண்டும். அதற்குக் கீழே தாங்குதிசு உருவாக வேண்டும். பிறகு விளிம்புக் குழிகள் இரண்டாகக் கிளைத்து, அவை மீண்டும் கிளைத்து, வெற்றிடத்தைக் குழிகளால் நிரப்ப வேண்டும். எலிகளில் இதைக் கவனமாகத் தொடர்ந்து பார்த்தவர்கள், காயத்தின் ஓரத்துச் செல்கள் சில நாட்களுக்குக் கருவிலிருக்கும் குடலின் சாயலுக்கே திரும்பிவிடுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். வழக்கமான ஸ்டெம் செல் மரபணுக்கள் அந்த நேரத்தில் அடங்கிப்போகின்றன. காயம் மூடிய பிறகே பழைய ஒழுங்கு திரும்புகிறது. மனிதரில் இதை நாள் நாளாகத் தொடர்ந்து பார்க்க வழி இல்லை. என்றாலும் ஆறிய கொலைட்டிஸ் பயாப்ஸிகளில் அதன் தடம் எங்கள் கண்ணில் தெளிவாகப் படுகிறது. இயல்பான பெருங்குடலில் குழிகள் நேராக, இணையாக, சம இடைவெளியில் தசைப்பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒருமுறை அழிந்து மீண்ட இடத்தில் அவை கிளைத்திருக்கும், குட்டையாக இருக்கும், கோணலாகச் சாய்ந்திருக்கும், தசைப்பட்டையை எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். பெருங்குடலின் இடப்பக்கத்தில் இருக்கவே கூடாத பனெத் செல்கள் அங்கே முளைத்திருக்கும். அதைப் பார்த்ததும், இங்கே நெடுநாள் போர் நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும். அந்தக் குழிகள் வேலை செய்கின்றன. பழைய ஒழுங்கு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

இத்தனை நடந்தும் ஏன் மாதக்கணக்கு? தாக்குதல் ஓயாதவரை இந்த வேலை முடிவதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை இரத்தச் செல்கள் குழிகளுக்குள்ளேயே புகுந்து சீழ்கட்டுகின்றன. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் போன்ற மூலக்கூறுகள் படலச் செல்களின் இணைப்பைத் தளர்த்துகின்றன. இணைப்பு தளர்ந்தால் நுண்ணுயிர்கள் உள்ளே கசியும். கசிந்தால் அழற்சி இன்னும் ஏறும். இந்த வட்டத்துக்குள் புதுச் செல்கள் பிறப்பதும் மடிவதும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவேதான் இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை செல்லை வளர்க்க முயல்வதில்லை, தாக்குதலை அடக்குகின்றன. அது அடங்கினால் படலம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அனுபவத்தில் பெரும்பாலும் மெய்ப்பட்டிருக்கிறது. எண்டோஸ்கோபியில் ஆறிவிட்டதாகத் தெரியும் குடலில், நுண்ணோக்கியில் அழற்சி இன்னும் மிச்சமிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கண்ணுக்கு ஆறுவதும் திசுவில் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. மாத்திரையை நோயாளிகள் தாமாக நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இதற்குச் சீலியாக் நோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. குளூட்டன் என்ற தானியப் புரதம் சிலருக்கு நோயெதிர்ப்புத் தாக்குதலைத் தூண்டி, சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தரைமட்டமாக்கிவிடும். அந்தப் பயாப்ஸியில் உறிஞ்சி இல்லை. ஆனால் குழிகள் இயல்பைவிட நீண்டு, செல் பிரிவுகள் நிறைந்து காணப்படும். ஸ்டெம் செல்கள் இரட்டிப்பு வேகத்தில் உழைத்தும் தோற்றுக்கொண்டிருக்கும் காட்சி அது. குளூட்டனை முழுவதும் விலக்கினால் உறிஞ்சிகள் மெல்ல எழுகின்றன. எவ்வளவு மெல்ல என்றால், 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயதுவந்த நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் 2 ஆண்டுகளில் சீதச்சவ்வு மீண்டிருந்தது. 5 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு. செல்லின் ஆயுள் ஐந்து நாள். திசுவின் மீட்பு ஐந்து ஆண்டு.

ஸ்டெம் செல்கள் உண்மையிலேயே குறைந்துபோகும் நிலை ஒன்று உண்டு: கீமோதெரபியும் கதிர்வீச்சும். பிரியும் செல்களைக் கொல்வதுதான் அவற்றின் வேலை என்பதால் குழியின் அடியும் அடிவாங்குகிறது. மேலே உதிர்வது உதிர்ந்துகொண்டிருக்க, கீழிருந்து வரவு நின்றுவிடும். சில நாட்களில் வயிற்றுப்போக்கு தொடங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் இது ஒருமுறைத் தாக்குதல். அது நின்றதும் எஞ்சிய செல்கள் மீட்டுவிடும். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டு மருந்து கொடுப்பதில் இந்த மீட்புக்கான அவகாசமும் அடங்கியிருக்கிறது. கொலைட்டிஸுக்கு அந்த இடைவெளி தானாகக் கிடைப்பதில்லை. மருந்தால்தான் வாங்கித்தர வேண்டும்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டெம் செல் ஊசி என்ற பெயரில் கொடுக்கப்படுபவை அநேகமாகக் கொழுப்பு அல்லது எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசன்கைமல் செல்கள். அவை குடல் படலத்தின் ஸ்டெம் செல்கள் அல்ல. குழியின் அடியில் போய் உட்கார்ந்து படலத்தை வளர்ப்பதும் இல்லை. அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன என்பதே அவற்றைப் பற்றிய எதிர்பார்ப்பு. முறையான ஆய்வுகளோடு இந்த வழியில் அதிக தூரம் வந்த மருந்து டார்வட்ஸ்ட்ரோசெல். குடலின் இன்னொரு நாள்பட்ட அழற்சி நோயான குரோன் நோயில் ஆசனவாயைச் சுற்றி வரும் சிக்கலான பௌத்திரத்துக்கு 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அனுமதித்தது. 2023இல் முடிந்த இரண்டாவது பெரிய ஆய்வில் அது போலி மருந்தை வெல்லவில்லை; 2024இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களைக் கொண்டு நோயெதிர்ப்பு மண்டலத்தையே புதிதாகத் தொடங்கிவைக்கும் சிகிச்சையைக் கடுமையான குரோன் நோயில் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. இவ்வளவு பின்னணி இருக்க, ஒரே ஊசியில் குடல் புதிதாகும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சைகளைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதைப் பற்றிச் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கமே பலமுறை எச்சரித்திருக்கிறது.

உண்மையான குடல் ஸ்டெம் செல்களைக் கொண்டு சிகிச்சை செய்யும் முயற்சி இல்லாமல் இல்லை. 2012இல் டோக்கியோவில் ஒரு குழு, ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் ஆர்கனாய்டுகளை எலியின் புண்பட்ட குடலில் ஒட்டிக்காட்டியது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், அதே நகரில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளி ஒருவரின் சொந்தக் குடல் செல்களிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளை எண்டோஸ்கோபி மூலம் அவருக்கே பொருத்தினார்கள். இது பாதுகாப்பைச் சோதிக்கும் தொடக்கக் கட்டம். அழற்சி அடங்கியும் ஆற மறுக்கும் புண்ணுக்கு இது ஒரு நாள் உதவலாம் என்று நானும் நினைக்கிறேன். உங்கள் தங்கையின் இன்றைய சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பட்டினி விஷயம் சுவையானது. ஆனால் சொல்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 24 மணி நேரம் பட்டினி போட்ட எலிகளின் குடல் ஸ்டெம் செல்கள் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ஆய்வகத்தில் ஆர்கனாய்டு உருவாக்கும் திறன் கூடியதாகக் காட்டினார்கள். 2024இல் அங்கிருந்தே வந்த தொடர்ச்சி, செல் பெருக்கம் உச்சத்துக்குப் போவது பட்டினியின்போது அல்ல, பட்டினி முடித்து மீண்டும் உண்ணும்போது என்று காட்டியது. அந்த நேரத்தில் புற்றுநோயைத் தூண்டும் மரபணு மாற்றம் நேர்ந்தால் எலிகளில் கட்டிகள் அதிகம் உருவாகவும் செய்தன. இரண்டும் எலியில் நடந்தவை. கொலைட்டிஸ் உள்ள மனிதருக்கு இதிலிருந்து நேரடியாக எதையும் சொல்ல முடியாது. எடை குறைந்து இரத்தசோகையோடு இருக்கும் ஒருவரைப் பட்டினி போடுவதைத் திசு மீட்புக்கான வழி என்று என்னால் சொல்ல முடியாது. குளுட்டமைன் பொடி, கொலாஜன் பொடி இவற்றையும் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். குளுட்டமைன் குடல் செல்களுக்கு எரிபொருள் என்பது உண்மை. குரோன் நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வுகள் அதைக் குடிப்பதால் பலன் உண்டு என்று நிறுவவில்லை. கொலாஜன் பெரும்பாலும் மற்றப் புரதங்களைப் போலவே செரிந்துவிடும். அதற்குப் பதில் தவிர்க்க வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலிநிவாரணிகள். புண் ஆறுவதற்குத் துணைசெய்யும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை இவை தடுக்கின்றன. தலைவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் முன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்டெம் செல்லைத் தூண்டுவது என்றாலே நல்லது என்ற நினைப்புதான் என்னை உறுத்துகிறது. மனிதனின் ஒரு குடல் ஸ்டெம் செல் ஆண்டுக்குச் சுமார் 40 மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ஏபிசி போன்ற ஒரு காவல் மரபணு கெட்டுப்போனால், விண்ட் சமிக்ஞை இல்லாமலே பிரியும் செல் உருவாகிவிடும். பெருங்குடல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன. நாள்பட்ட கொலைட்டிஸ் உள்ள குடலில் இந்த மாற்றங்கள் இயல்பைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் சேர்வதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் தொடங்கி 8 முதல் 10 ஆண்டுகள் ஆனதும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபியைத் தொடங்கச் சொல்வதற்கு நாள்பட்ட அழற்சியில் கூடும் புற்றுநோய் அபாயம்தான் பின்னணி. குடல் படலத்தை உண்மையாகவே வளர்க்கும் மருந்து ஒன்று இருக்கிறது: டெடுகுளூடைடு. குடலின் பெரும்பகுதி அறுவைசிகிச்சையில் நீக்கப்பட்டவர்களுக்காக 2012இல் அனுமதிக்கப்பட்டது, உறிஞ்சிகளை உயரமாக்குகிறது. அதைத் தொடங்குவதற்கு முன்பே பெரியவர்களுக்குக் கொலோனோஸ்கோபி செய்து கட்டிகளை நீக்கச் சொல்கிறார்கள். வளரச் சொல்லும் மருந்து எதுவும் நல்ல செல்லிடம் மட்டும் பேசுவதில்லை.

உங்கள் தங்கையின் பழைய பயாப்ஸி அறிக்கைகள் கையில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குழிகள் ஒழுங்கற்றவை, கிளைத்தவை என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பழைய தழும்பு, நோய் அடங்கிய பிறகும் நீடிக்கும். நியூட்ரோஃபில்கள் படலத்திலோ குழிக்குள்ளோ இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அழற்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. குழிகளின் அடியில் பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்பொருள் சுரக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) குவிந்திருப்பதாக இருந்தால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் நோய் திரும்ப வாய்ப்புக் கூடுதல். மருந்தைக் குறைப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். டிஸ்பிளேசியா (புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம்) என்ற சொல் எங்காவது இருந்தால் அது தனி விஷயம். அதே ஸ்லைடை இன்னொரு குடல் நோய்க்குறியியல் மருத்துவரும் பார்த்து உறுதிசெய்வது வழக்கமான நடைமுறைதான். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.